டெல்லி வெயிலுக்கு லோக்கல் இரும்புக் கூலர் போதுமா?

டெல்லிக்கு வேலைக்கு வரும் நம்மூர்ப் பசங்க ஏப்ரல் பிறந்ததும் கேட்பது ஒன்றுதான், ஏசியா கூலரா? என்னிடம் இருப்பது கரோல் பாக் பக்கம் ஒரு பட்டறையில் வாங்கிய இரும்புக் கூலர், பிராண்டெல்லாம் கிடையாது.

மே மாதம் லூ எனும் வறண்ட அனல் காற்று அடிக்கும்போது இதை அடிச்சுக்க ஆளில்லை. ஜன்னலுக்கு வெளியே ஸ்டாண்டில் வைத்து, எதிர்ப்பக்கம் கதவைக் கொஞ்சம் திறந்துவிட வேண்டும் (எல்லாவற்றையும் மூடிவிட்டுக் கூலரைத் திட்டுபவர்கள்தான் அதிகம்). மூன்று பக்கப் புல் தட்டியும் நனைந்துவிட்டால் வெளியே 43 டிகிரி அடித்தாலும் உள்ளே தூக்கம் வரும். 1.5 டன் ஏசி சுமார் 1,500 வாட் இழுக்கும், இது 200 வாட்டுக்குள் முடித்துவிடும். மாதம் 200 யூனிட் வரை மானியத்தில் பில்லே வராத ஊரில் இது பெரிய விஷயம்.

ஆனால் ஜூன் கடைசியில் காற்றில் ஈரம் ஏறியதும் ஆட்டம் குளோஸ். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்வதுதான் கூலரின் வேலையே, காற்றே ஈரமாக இருந்தால் எங்கே ஆவியாவது? பம்பை நிறுத்திவிட்டு வெறும் ஃபேனாக ஓட்ட வேண்டியதுதான். இப்போது ராத்திரியும் கைவிடுகிறது. 2024 ஜூன் 19 அன்று டெல்லியின் சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் குறைந்தபட்ச வெப்பமே 35.2 டிகிரி! அதே நாளில் டெல்லியின் மின்தேவை 8,656 மெகாவாட், அதுவரை காணாத உச்சம். ஏசி வாங்க முடிந்தவர்கள் வாங்கிவிட்டார்கள், அவை கக்கும் அனல் இந்த ஒடுக்கமான சந்தில் எங்கே போகும், கூலர்காரன் ஜன்னலுக்குத்தான். எதிர்வீட்டு ஏசியின் வெளி யூனிட் என் புல் தட்டிக்கு நேராகவே ஊதுகிறது, சொன்னால் சிரிக்கிறார்கள்.

அப்புறம் தண்ணீர். வறண்ட நாளில் தொட்டியை ஒருதரம் நிரப்பினால் பத்தாது. அந்த ஜூனில்தான் தண்ணீர்த் தட்டுப்பாடும் வந்தது, லாரிக்குக் குடத்தோடு ஓடுகிற வீட்டில் கூலருக்கு எதை ஊற்றுவது? போர் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படிந்து பம்ப் அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்து காயவிடுங்கள், இல்லாவிட்டால் டெங்கு கொசு குடியேறும், கார்ப்பரேஷன் ஆள் வந்து புழுவைப் பார்த்தால் நோட்டீஸ்தான்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். காற்றோட்டமும் தண்ணீரும் இருக்கும் பேச்சிலர் அறைக்கு வாங்கலாம். வயதானவர்களோ கைக்குழந்தையோ இருந்தால் ஜூலையில் இதை மட்டும் நம்பாதீர்கள். வாங்கும்போதே இன்னொரு செட் புல் தட்டி கேட்டு வாங்கிவிடுங்கள், சீசனில் விலையை ஏற்றிவிடுவார்கள்.