வாகன மாடல் தொகுப்பு என்று ரூ.18,500 பிடுங்கிவிட்டார்கள்: கட்டடப் படம் செய்பவர்கள் கவனத்துக்கு

ரூ.18,500. இந்த மாதம் ஒரு முழு வேலைக்கு எனக்கு வந்த கூலி. அதைக் கொடுத்து நான் வாங்கியது, யாரோ ஒரு புண்ணியவான் எல்லோருக்கும் இலவசமாகப் பகிர்ந்துவைத்த கார்களை! வயிறு எரிகிறது. ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

புதுச்சேரி லாஸ்பேட்டையில் வீட்டிலேயே உட்கார்ந்து, கட்டடக் கலைஞர்களுக்கு முப்பரிமாணப் படம் செய்து கொடுப்பது என் பிழைப்பு. கட்டடம் எழும்பும் முன்பே அது எப்படி நிற்கும் என்று காட்டும் படம். சாலையில் ஓடும் வண்டிகள் அதில் துணைக்கு வருபவைதான். கட்டடத்தின் உயரம் பிடிபடவும் தெரு தெருவாகத் தெரியவும் அவை வேண்டும். படத்தில் கட்டைவிரல் அளவுக்குத் தெரியப்போகும் காருக்குச் சீட் தையல் வரை செதுக்கிவைத்தால் கம்ப்யூட்டர் திணறிப் படுத்துவிடும். மாடலின் மேற்பரப்பைச் சேர்த்துக் கட்டும் சின்னச் சின்னத் தட்டை முகங்களைப் பாலிகன் என்போம்; சில ஆயிரம் பாலிகன்களில் முடிந்த எளிய மாடல் போதும். அப்படிப்பட்ட கார்களைப் பலர் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், அதாவது செய்தவர் சொல்லும் நிபந்தனைக்கு உட்பட்டு யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்ற பொது உரிமத்தில், சும்மாவே கொடுக்கிறார்கள். நம் ஊர் வண்டிக்குத்தான் பஞ்சம். மரப்பாலம் சந்திப்புக்கு அருகே வரப்போகும் ஒரு வணிக வளாகத்துக்குப் படம் கேட்டிருந்தார்கள். கடலூர் சாலையில் ஆட்டோவும் டெம்போவும் டவுன் பஸ்ஸும் இல்லாமல் படம் போட்டால் யார் நம்புவார்கள்?

அப்போதுதான் கண்ணில் பட்டது அந்தத் தொகுப்பு. முப்பரிமாண மாடல்களை விற்கும் இணையச் சந்தை ஒன்று. விற்பவர்கள் வெளியாட்கள், பணத்தை வாங்கிக்கொள்வது சந்தை. ‘தமிழ்நாடு, புதுவைச் சாலை வாகனங்கள் 60. ஒவ்வொன்றும் 5,000 பாலிகனுக்குள். வணிக உரிமத்துடன் ரூ.18,500’ என்று விளம்பரம். விலை அதிகம்தான். விற்பவனிடம் செய்தி அனுப்பிக் கேட்டேன். உடனே போனில் வந்தான். “அண்ணா, நான் கடலூர் மஞ்சக்குப்பம்தான். நம் ஊர் ஆட்களுக்கு மாதிரி பார்க்காமல் விற்கமாட்டேன்” என்று ஓர் ஆட்டோவை அனுப்பிவைத்தான்.

அந்த ஆட்டோவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அவ்வளவு அழகான வேலை. மஞ்சள் வண்டி, 3,000 பாலிகன்கூட இல்லை. சக்கரங்கள் தனித்தனியே, சுழற்றத் தோதாக. அளவு மீட்டரில் சுத்தமாக இருந்தது. முன் கண்ணாடிக்குக் கீழே எலுமிச்சையும் மிளகாயும் தொங்கின. குறுக்காக வைத்த இரண்டே தகடுகளில் படத்தை ஒட்டி அதைச் செய்திருந்தார்கள். தொழில் தெரிந்தவன் கை. எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்த கை. அன்று மாலையே பணம் கட்டிவிட்டேன்.

ஜிப் கோப்பு வந்தது. அறுபது வண்டி இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அதில் நம் ஊர் வண்டி எத்தனை? ஒன்று. மாதிரிக்கு அனுப்பிய அதே ஆட்டோ! மற்றதெல்லாம் எந்தெந்த நாட்டுக் கார்களோ. நீளமான வெளிநாட்டு நம்பர் பலகையோடு, ஸ்டியரிங் இடது பக்கம். ஒரு காரின் பானெட்டுக்குள் முழு எஞ்சினே இருக்கிறது, நான்கு லட்சம் பாலிகனுக்கு மேல். இன்னொன்றை ஏதோ கருவியில் போட்டு ஒரேயடியாகக் குறைத்திருக்கிறார்கள்; கதவெல்லாம் மிதிபட்ட அலுமினியச் சொம்பு மாதிரி இருக்கிறது. ஒரு லாரி, அலகு மாறிப்போய், வளாகத்தைவிடப் பெரிதாக வந்து நின்றது.

உள்ளே தோண்டினால் ஒரு கோப்புறைக்குள் சிறிய உரைக் கோப்பு ஒன்று. அழிக்க மறந்துவிட்டான் போலும். அதில் மாடலை உருவாக்கியவர் எழுதியிருக்கிறார்: இலவசமாகப் பயன்படுத்தலாம், என் பெயரைக் குறிப்பிட வேண்டும், வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. ஆக, அவற்றை இவன் விற்கவும் கூடாது, நான் கூலி வேலையில் வைக்கவும் கூடாது. இவன் அனுப்பிய முத்திரை குத்திய ‘வணிக உரிமச் சான்றிதழ்’ வடை மடிக்கக்கூட உதவாது. ஊருக்கு உதவட்டும் என்று பகிர்ந்த அந்த மனிதருக்கு இவன் செய்தது எனக்குச் செய்ததைவிடப் பெரிய துரோகம்.

கெடு நெருங்கியதால் கட்டடக் கலைஞர் மேடத்திடம் முதல் வரைவை அப்படியே காட்ட வேண்டியதாயிற்று. அவர் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, “பிரெஞ்சுக்காரர்கள் 1954-லேயே போய்விட்டார்களே தம்பி, ஸ்டியரிங் மட்டும் இன்னும் இடது பக்கமா?” என்றார். அறையிலிருந்த எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ரூ.18,500 நினைவில் நின்றது.

மஞ்சக்குப்பத்தானைக் கூப்பிட்டேன். “அண்ணா, உங்கள் கம்ப்யூட்டரில் நினைவகம் போதாது.” சரி, டெம்போ எங்கே? “அடுத்த பதிப்பில் வரும்.” பஸ்? “வீட்டில் கல்யாண வேலை அண்ணா, பிறகு பேசுகிறேன்.” அதன்பின் என் எண்ணையே தடுத்துவிட்டான். யார் வீட்டுக் கல்யாணமோ, மொய் நான் எழுதியிருக்கிறேன்.

சந்தைக்காரர்கள் இன்னும் மோசம். முதலில் ஓர் இயந்திரம் பதில் சொன்னது: “உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்.” பிறகு ஒரு பெண்: “டிஜிட்டல் பொருளைத் தரவிறக்கிய பின் பணம் திரும்ப வராது சார்.” பிறகு இன்னொருவர்: “இது உங்களுக்கும் விற்பவருக்கும் இடையிலான விஷயம்.” பணம் போனது உங்கள் கணக்குக்குத்தானே ஐயா? “நீங்கள் தொழிலுக்காக வாங்கியிருக்கிறீர்கள், நுகர்வோர் ஆகமாட்டீர்கள்” என்று சட்டம் வேறு பேசினார். கடைசியில் புகார் ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடிவிட்டு, சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டு ஒரு மின்னஞ்சல்!

அவர் பேசிய சட்டத்தையே எடுத்துப் படித்தேன். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்குபவரும் நுகர்வோர்தான் என்கிறது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 2020-இல் வந்த மின்வணிக விதிகள் டிஜிட்டல் பொருள்களுக்கும் பொருந்தும். விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இல்லையென்றால் விற்பவர் பணத்தைத் திருப்பித் தர மறுக்கக் கூடாது. சந்தையின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்தாக வேண்டும். அந்த அலுவலருக்கு எழுதிவிட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் புகார் பதிந்தாயிற்று. ரூ.18,500-ஐ விடுவதாக இல்லை.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. டெம்போவை வேறு நானே செய்தாக வேண்டும். சுருக்கமாக: அவன் தேர்ந்தெடுத்த மாதிரியைப் பார்க்காதீர்கள், நீங்கள் கேட்கும் வண்டியின் கம்பி வடிவத்தை, அதாவது வண்ணம் இல்லாமல் பாலிகன் கோடுகள் மட்டும் தெரியும் தோற்றத்தை, திரையில் காட்டச் சொல்லுங்கள். உரிமம் எது, மாடலைச் செய்தவர் யார் என்று எழுத்தில் வாங்குங்கள். விளம்பரப் பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள், நான் புகார் செய்ததும் ‘தமிழ்நாடு’ என்ற சொல்லையே அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். பணமோசடி என்று தெரிந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930.

அவன் இப்போது வேறு பெயரில் கடை விரித்திருப்பதாகக் கேள்வி. எலுமிச்சை மிளகாய் தொங்கும் மஞ்சள் ஆட்டோ மாதிரியாக வந்தால், ஒரு பைசா அனுப்பாதீர்கள்.