பழைய ஃபோர்டு வாங்கலாமா? எஞ்சின் வாரியாக ஒரு விமர்சனம்

இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துகிறோம் என்று ஃபோர்டு அறிவித்தது 2021 செப்டம்பர் 9ஆம் தேதி. மறைமலை நகர் ஆலையிலிருந்து கடைசி வண்டி 2022 ஜூலையில் வெளியே வந்தது. ஆனாலும் செகண்ட் ஹேண்ட் சந்தையில் எக்கோஸ்போர்ட்டையும் எண்டேவரையும் தேடித் தேடி வாங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வைத்திருப்பவர்களைக் கேட்டால் பதில் இரண்டு விதமாக வரும். "இந்த ஸ்டீயரிங் வேற எந்த வண்டியிலயும் கிடைக்காது" என்பார் ஒருவர். "ஒர்க்‌ஷாப்புக்கே சம்பாதிச்சுக் கொடுத்தேன்" என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதும் உண்மைதான். இருவரிடமும் இருப்பது ஒரே மாடலாகக்கூட இருக்கலாம். பானட்டுக்குள் இருக்கும் எஞ்சின்தான் வேறு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1903இல் டெட்ராய்ட்டில் தொடங்கிய இந்த நிறுவனம் பேர் வாங்கியதே ஒரே வண்டியை மாற்றாமல் செய்துதான். மாடல் டி 1908 முதல் 1927 வரை ஓடியது. ஒன்றரைக் கோடிக்கும் மேல் விற்றது. 1913இல் ஹைலாண்ட் பார்க் ஆலையில் நகரும் அசெம்பிளி லைன் வந்ததும் விலை இறங்கிக்கொண்டே போனது. அப்படிப்பட்ட கம்பெனி எக்கோஸ்போர்ட் என்ற ஒரே காரில், 2013 முதல் 2021 வரைக்குள், நான்கு எஞ்சின்களையும் இரண்டு வகை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் மாற்றி மாற்றிப் போட்டது. பழைய ஃபோர்டு வாங்குகிறவர் குழம்புவதற்குக் காரணம் இதுதான்.

இந்தியக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1926இல் ஒருமுறை வந்து, 1950களில் மூட்டை கட்டிப் போனது. 1995இல் மஹிந்திராவுடன் கூட்டுச் சேர்ந்து திரும்பி வந்து, 1996இல் எஸ்கார்ட்டை விற்றது, எடுபடவில்லை. 1999இல் வந்த ஐகான்தான் முதல் வெற்றி. 2010 மார்ச்சில் ஃபிகோ, 2013இல் எக்கோஸ்போர்ட். அமெரிக்காவில் விற்ற எக்கோஸ்போர்ட்டும் மறைமலை நகரில் செய்து கப்பலேற்றியதுதான். 2015இல் குஜராத்தின் சாணந்தில் இரண்டாவது ஆலையைத் திறந்தார்கள். அந்த அளவுக்கு இங்கே விற்பனை இல்லை. பத்தாண்டில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று சொல்லிக் கிளம்பினார்கள். சாணந்து ஆலை டாடா கைக்குப் போனது.

இனி வண்டிக்கு வருவோம்.

கண்ணை மூடிக்கொண்டு என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஓரளவு தைரியமாக வாங்கக்கூடியது 1.5 லிட்டர் டிடிசிஐ, அதாவது ஃபோர்டின் டர்போ டீசல். முதலில் வந்த எக்கோஸ்போர்ட்டில் 91 குதிரைத்திறன். 2015க்குப் பிறகு வந்த ஃபிகோ, ஆஸ்பயர், அடுத்தடுத்த எக்கோஸ்போர்ட், ஃப்ரீஸ்டைல் எல்லாவற்றிலும் 100. டார்க் 215 நியூட்டன் மீட்டர். ஆயிரம் கிலோவைச் சற்றே தாண்டும் ஃபிகோவில் இதைப் பொருத்தினால் எப்படி ஓடும் என்று சொல்லவே வேண்டாம். மைலேஜும் குறை சொல்ல முடியாது. பழைய ஃபிகோவில் இருந்த 1.4 டீசலும் இதே குடும்பம்தான். பவர் 69, ஆனால் உழைப்பாளி.

இந்த டீசலில் பார்க்க வேண்டியது இரண்டு. முதலாவது டைமிங் பெல்ட், அதாவது வால்வும் பிஸ்டனும் தாளம் தப்பாமல் ஓட வைக்கும் பட்டை. சங்கிலி என்று நினைத்து அப்படியே ஓட்டுகிறவர்கள் உண்டு. இது ரப்பர் பெல்ட். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும், ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான். விற்பவரிடம் பெல்ட் மாற்றிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் மீட்டர் எவ்வளவு காட்டினாலும் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் கழியுங்கள். மாற்றும்போது பெல்ட்டை மட்டும் வாங்காதீர்கள். டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப் மூன்றும் சேர்த்தே. வாட்டர் பம்பைச் சுற்றுவதும் அதே பெல்ட்தான். பம்ப் பேரிங் ஆறு மாதம் கழித்துப் போனால் புது பெல்ட்டும் கூடவே போகும், லேபரும் இரட்டிப்பு.

இரண்டாவது, இன்ஜெக்டர் அடியில் இருக்கும் செப்பு வாஷர். அது லீக் ஆனால் எரிந்த வாயு மேலே ஏறும். பிளாஸ்டிக் கவரைக் கழற்றிப் பார்த்தால் இன்ஜெக்டரைச் சுற்றித் தார் ஊற்றியதுபோலக் கறுப்பாக இறுகியிருக்கும். காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து காதைக் கொடுத்தால் "சுக் சுக்" என்று ஒரு மெல்லிய சத்தம்; கேபினுக்குள் டீசல் புகை வாசம். இதை "கொஞ்சம் கரி, கழுவினா போயிரும்" என்பார் புரோக்கர். போகாது. கரி எண்ணெயிலும் கலக்கும். டர்போவுக்கு எண்ணெய் போகும் குழாய் மெல்லியது, அது அடைத்தால் டர்போ காலி. இதே குடும்பத்து 1.6 எஞ்சினில் ஐரோப்பாவில் பல டர்போக்கள் இப்படித்தான் செத்தன. ஆரம்பத்திலேயே பிடித்தால் இன்ஜெக்டரைக் கழற்றி, உட்காரும் இடத்தைச் சுத்தமாக்கி, புது வாஷர் போட்டால் முடிந்தது. பழைய வாஷரைத் திருப்பிப் போடும் மெக்கானிக்கை விட்டு விலகுங்கள்.

கிளட்ச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கிளட்சைத் தள்ளும் ஹைட்ராலிக் சிலிண்டர் கியர்பாக்ஸ் மூடிக்குள்ளேயே இருக்கிறது. கிளட்ச் பிளேட் மாற்றக் கியர்பாக்ஸை இறக்கினால் அதையும் மாற்றிவிட வேண்டும். பிறகு தனியாக லீக் ஆனால் மறுபடி கியர்பாக்ஸை இறக்கணும்.

2020, 2021இல் வந்த பிஎஸ்6 (2020இல் அமலான புகை விதி) டீசல் எக்கோஸ்போர்ட் மட்டும் ஆளைப் பார்த்து வாங்க வேண்டியது. டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி அதில் உண்டு. தினமும் நாலு கிலோமீட்டர் ஸ்கூலுக்கும் கடைக்கும் போய் வருகிற வண்டியில் அது சூடேறித் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நேரமே கிடைக்காது. பாதியில் நின்ற சுத்தம் எரியாத டீசலை எண்ணெய்க்குள் இறக்கும். டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். எண்ணெய் மேல்கோட்டைத் தாண்டி ஏறி, டீசல் வாசம் அடித்தால் வேண்டாம். ஹைவேயில் ஓடிய வண்டியில் இந்தத் தொல்லை குறைவு. சாம்பல் குறைவான, கம்பெனி சொன்ன தரத்து எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும். சாதாரண டீசல் எண்ணெய் வடிகட்டியின் ஆயுளைக் குறைக்கும்.

பெட்ரோலில் நிம்மதியானது 2017 வரை எக்கோஸ்போர்ட்டில் வந்த நாலு சிலிண்டர் 1.5, அதுவும் மேனுவல் கியரில். சுறுசுறுப்பு போதாது என்ற குறை நியாயமானதுதான். டைமிங் பெல்ட் இதிலும் ரப்பர். பிளாஸ்டிக் தெர்மோஸ்டாட் ஹவுசிங் வயதானால் விரிசல் விடும். கூலண்ட் காய்ந்த இடத்தில் பொடி படிந்திருக்கும், டார்ச் அடித்துத் தேடுங்கள்.

அதே எஞ்சின், ஆனால் ஆட்டோமேட்டிக் என்றால் என் பதில் வேண்டாம் என்பதுதான். 2017 வரையான எக்கோஸ்போர்ட், 2015இல் வந்த ஃபிகோ, ஆஸ்பயர் 1.5 ஆட்டோமேட்டிக்கில் இருப்பது பவர்ஷிஃப்ட் என்ற இரட்டைக் கிளட்ச் பெட்டி. அந்த இரண்டு கிளட்சும் எண்ணெயில் நனையாமல் காய்ந்தபடியே வேலை செய்பவை. சென்னை டிராஃபிக்கில் அரை கிளட்சிலேயே ஊர்ந்தால் சூடேறி உதறத் தொடங்கும். ஷாஃப்ட் சீல் கசிந்து காய்ந்திருக்க வேண்டிய பிளேட்டில் எண்ணெய் பட்டால் உதறல் இன்னும் மோசம். கண்ட்ரோல் யூனிட் போனால் திடீரென்று ரிவர்ஸ் விழாது, சில சமயம் ஸ்டார்ட்டே ஆகாது. அமெரிக்காவில் இதே பெட்டி உள்ள ஃபியஸ்டா, ஃபோகஸ் உரிமையாளர்கள் கூட்டாக வழக்குப் போட்டு ஃபோர்டிடம் இழப்பீடு வாங்கினார்கள். விலை எவ்வளவு குறைத்தாலும், ஓட்டிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அரை மணி நேரம் நெரிசலில் ஓட்டி நன்றாகச் சூடேற்றுங்கள். பிறகு ஆக்ஸிலேட்டரை லேசாக மட்டும் தொட்டு முதல் கியரிலிருந்து இரண்டுக்குப் போகவிடுங்கள். ஃப்ளைஓவர் ஏற்றத்தில் நிறுத்தி எடுங்கள், ரிவர்ஸில் ஏற்றுங்கள். வண்டி நடுங்கினால் அது "பழகிடும்" வகை நடுக்கம் அல்ல. 2017 நவம்பரில் முகம் மாற்றி வந்த எக்கோஸ்போர்ட்டில், காய்ந்த கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியே சக்தியைக் கடத்தும் சாதாரண டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக். அதற்கு இந்தப் பாவம் எதுவும் சேராது.

1.0 எக்கோபூஸ்ட் தனி ரகம். மூன்று சிலிண்டர், டர்போ, 125 குதிரைத்திறன். 2012, 2013, 2014 என்று மூன்று வருடம் தொடர்ந்து உலகின் சிறந்த எஞ்சின் விருது வாங்கியது. ஓட்டினால் ஏன் என்று புரியும். வைத்துப் பராமரித்தால் ஐரோப்பியர்கள் ஏன் பயப்படுகிறார்கள் என்பதும் புரியும். இதன் டைமிங் பெல்ட் எண்ணெய்க்குள்ளேயே ஓடுகிறது. எண்ணெய் தரம் தப்பினாலோ மாற்றத் தாமதித்தாலோ பெல்ட் உதிரும். உதிர்ந்த ரப்பர் துணுக்குகள் ஆயில் பானில் உள்ள சல்லடையை அடைக்கும். எண்ணெய் அழுத்தம் விழும். பெல்ட் அறுவதற்கு முன்பே எஞ்சின் போய்விடலாம். ஐரோப்பாவில் பெல்ட்டுக்கு 10 வருடம் அல்லது 2,40,000 கிலோமீட்டர் என்று கம்பெனி சொன்னது. இங்கே 2013இல் வந்த வண்டிகள் அந்தப் பத்து வருடத்தைத் தாண்டிவிட்டன. "அறுபதாயிரம்தான் ஓடியிருக்கு" என்பதில் அர்த்தமில்லை. கூடவே கூலண்ட் குழாய் வெடித்து, தண்ணீர் இறங்கி, டிரைவர் கவனிப்பதற்குள் ஹெட் வளைகிற கதையும் இதற்கு உண்டு. ஃபோர்டின் 948-பி தரத்து 5டபிள்யூ-20 எண்ணெய் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது. வாங்கியே ஆக வேண்டும் என்பவர் ஆயில் பானைக் கழற்றிச் சல்லடையைப் பார்த்துவிட்டு, பெல்ட் மாற்றும் செலவோடு விலை பேசட்டும். பின்னால் வந்த டிராகன் வரிசை, அதாவது 2017க்குப் பிந்தைய எக்கோஸ்போர்ட்டின் 1.5, ஃப்ரீஸ்டைலின் 1.2, இரண்டிலும் டர்போ இல்லை. தொல்லையும் அந்த அளவு இல்லை. ஆனால் பெல்ட் அதிலும் எண்ணெயில்தான் ஓடுகிறது. சர்வீஸ் பில் முழுசாக இல்லாத டிராகனை விட்டுவிடலாம்.

எண்டேவர் பற்றிப் பேசினால் 2016இல் வந்த 3.2 பற்றித்தான் பேச வேண்டும். ஐந்து சிலிண்டர், 200 குதிரைத்திறன், 470 நியூட்டன் மீட்டர். பிஎஸ்6 வந்ததும் நின்றுபோனது. டைமிங் சங்கிலிதான், பெல்ட் கவலை இல்லை. இதைக் கொல்வது பெரும்பாலும் ஆயில் மாற்றும் ஆள்தான். இந்த எஞ்சினின் ஆயில் பம்ப், எண்ணெய் முழுக்க வடிந்து அதிக நேரம் சும்மா இருந்தால் உறிஞ்சும் பிடியை இழந்துவிடும். பிறகு புது எண்ணெய் ஊற்றி ஸ்டார்ட் செய்தாலும் மேலே ஏறாது. பேரிங் காய்ந்து சுற்றும். நம் ஊர் வழக்கப்படி டிரெயின் போல்ட்டைக் கழற்றிவிட்டு "கடைசிச் சொட்டு வரை வடியட்டும்" என்று டீ குடிக்கப் போவது இதற்கு ஆகாது. புது எண்ணெய், ஃபில்டர், வாஷர் எல்லாவற்றையும் கையருகே எடுத்து வைத்துக்கொண்டுதான் போல்ட்டில் கை வைக்க வேண்டும். பத்து நிமிடத்துக்குள் மூடி ஊற்றிவிட வேண்டும். ஒன்பதரை லிட்டருக்கு மேல் பிடிக்கும், நாலு லிட்டர் கேன் இரண்டு போதாது. ஈஜிஆர் கூலர், அதாவது எஞ்சினுக்குத் திரும்பிப் போகும் புகையைக் குளிர்விக்கும் பாகம், உள்ளே கசிவதும் உண்டு. வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் கூலண்ட் குறைந்துகொண்டே வந்தால் அதைச் சந்தேகப்படுங்கள்.

டில்லியில் பத்து வருடம் கடந்த டீசல் ஓடக்கூடாது என்ற விதி 2025இல் தளர்த்தப்படும் வரை, அதற்குப் பயந்து அங்கிருந்து எண்டேவர்கள் மலிவாகத் தெற்கே வந்தன. என்.ஓ.சி. (அந்த ஊர் ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்று), இங்கே கட்ட வேண்டிய வரி, மறுபதிவு மூன்றையும் கூட்டிப் பார்த்தால் மலிவு பாதி கரைந்துவிடும்.

எல்லா ஃபோர்டுக்கும் பொதுவான சில்லறைத் தொல்லைகள்: ஸ்பீடு பிரேக்கரில் "டக்" என்றால் முன்பக்க சஸ்பென்ஷனின் லிங்க் ராட், லோயர் ஆர்ம் புஷ். கதவை மூடியும் திறந்திருப்பதாக எச்சரிக்கை வந்தால் லாக்குக்குள் இருக்கும் சுவிட்ச். பேட்டரி இறங்குவதற்கும் இதுவே காரணமாக இருக்கும். எக்கோஸ்போர்ட்டின் பின்கதவு ஸ்டெப்னியைச் சுமந்தபடி பக்கவாட்டில் திறப்பதால் கீல் தொய்ந்து கடகடக்கும். பழைய ஃபிகோ என்றால் 2012, 2013இல் பின் அச்சுக்கும் பவர் ஸ்டீயரிங் குழாய்க்கும் நடந்த ரீகாலில் (கம்பெனியே வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரி செய்வது) வேலை செய்யப்பட்டதா என்று கேளுங்கள். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் மலிவான ஓபிடி அடாப்டரும் ஃபோர்டு வண்டிகளுக்கான ஃபோர்ஸ்கேன் ஆப்பும் கையில் இருந்தால் அழித்து மறைத்த எரர் கோடுகள் ஓட்டிப் பார்த்ததும் திரும்பி வருவதைப் பார்க்கலாம்.

உதிரிபாகம் கிடைக்குமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. ஃபில்டர், பிரேக் பேட், சஸ்பென்ஷன் எல்லாம் வெளிக்கடையிலேயே கிடைக்கின்றன. ஹெட்லைட், பம்பர், பின்கதவு போன்ற பாடி சாமான்களுக்குத்தான் காத்திருக்க நேரும். ஆகவே அடிபட்டுச் சரி செய்த வண்டியைக் கூடுதல் சந்தேகத்தோடு பாருங்கள். இரண்டு ஹெட்லைட்டிலும் உள்ள தயாரிப்புத் தேதி ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று பார்ப்பது சுலபமான சோதனை.

மறைமலை நகரில் 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் எஞ்சின் தயாரிக்கப் போவதாக 2025 அக்டோபரில் ஃபோர்டு தமிழக அரசுடன் ஒப்பந்தம் போட்டது. உற்பத்தி 2029இல் தொடங்குமாம். "கம்பெனி திரும்ப வருது சார், ரேட் ஏறப்போகுது" என்று இதைக் காட்டி விலையை உயர்த்துகிற புரோக்கரை நம்ப வேண்டாம். அங்கே வரப்போவது ஏற்றுமதிக்கான புது எஞ்சின். உங்கள் எக்கோஸ்போர்ட்டின் வாஷருக்கும் பெல்ட்டுக்கும் அதனால் எதுவும் ஆகப் போவதில்லை.