சுப்பீரியர் ஏரியில் மீன்பிடியும் படகும்: பல வருட அனுபவம்

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ரொறன்ரோவில் இருந்து 800 கிலோமீட்டருக்கு மேல் படகை இழுத்துக்கொண்டு, கனடா-அமெரிக்க எல்லையில் இருக்கும் பேரேரிகளில் மிகப் பெரியதான சுப்பீரியர் ஏரிக்குப் போவது பெறுமதியான வேலைதான். ஆனால் சனி, ஞாயிறு இரண்டு நாளை மட்டும் வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு அது சரிவராது. ஐந்து நாளாவது கையில் இருக்க வேண்டும். அதில் இரண்டு நாள் படகை இறக்காமல் கரையில் இருக்க நேரும் என்று நினைத்துக்கொண்டே கிளம்புங்கள். மிச்ச நாட்களில் கிடைப்பது தெற்கே வேறெந்த ஏரியிலும் கிடைக்காது.

நான் போவது ஏரியின் கிழக்குக் கரைக்கு. சூ சென்ட் மேரி நகரத்தைத் தாண்டி 17ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே ஏறினால் முதலில் பச்சவானா குடா வரும். அப்புறம் மாகாணப் பூங்காவுக்குள் இருக்கும் அகாவா குடா. இன்னும் மேலே, வாவா ஊருக்குப் பக்கத்தில், மிச்சிப்பிக்கோட்டன் ஆற்றுவாய். எங்கள் குடும்பம் பெரும்பாலும் தங்குவது அகாவாவில். படகை இறக்குவது அங்கிருந்து கொஞ்சம் வடக்கே உள்ள சின்கிளேர் கோவ் துறையில்.

இந்த ஏரியின் பரப்பு 82,100 சதுர கிலோமீட்டர். இலங்கைத் தீவு முழுவதையும் உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும். சராசரி ஆழம் 147 மீட்டர். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பக்கத்தில் உள்ள மிக ஆழமான இடம் 406 மீட்டர். நீர் 4 பாகை செல்சியஸில்தான் மிகவும் கனமாக இருக்கும். அதனால் அந்தக் குளிர்நீர் அடியில் போய்த் தங்கிவிடுகிறது, கோடை வெயில் அங்கே எட்டுவதில்லை. ரொறன்ரோவுக்கு வடக்கே உள்ள சிம்கோ ஏரியில் பிள்ளைகள் குளிக்கத் தொடங்கிவிடும் ஜூன் மாதத்தில், இங்கே குடாவை விட்டு வெளியே போனால் படகின் திரை 4, 5 பாகை என்று காட்டும். ஆகஸ்டில் மேல்நீர் 15 பாகையைத் தாண்டும். ஆனால் காற்று அந்தச் சூட்டு நீரை வெளியே தள்ளிக்கொண்டு போய்விட்டால், அடிநீர் மேலே வந்து ஒரே இரவில் எல்லாம் மாறிவிடும்.

அங்கே நாம் செய்யும் ஒவ்வொரு வேலையையும் இந்தக் குளிர்தான் தீர்மானிக்கிறது. மனிடோபா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட், குளிர்நீரில் விழுந்தவர்களுக்கு 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்வார். மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம். கையும் காலும் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம். உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஒரு மணி நேரம். இதில் பத்து நிமிடம்தான் முக்கியம். விரல் மரத்துப்போன பிறகு லைஃப் ஜாக்கெட்டின் கொக்கியை மாட்ட முடியாது. ஆட்களின் எண்ணிக்கைக்கு ஜாக்கெட் படகில் இருந்தால் சட்டத்துக்குப் போதும். எங்கள் படகில் துறையை விட்டு நகரும் முன்பே எல்லோரும் போட்டுக்கொள்ள வேண்டும். மே, ஜூன் மாதங்களில் அதற்குப் பதிலாக உடல் முழுவதையும் மூடும் மிதவை உடை. விலை அதிகம்தான். நான் இந்த ஏரிக்காக வாங்கிய பொருட்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் அதைத்தான் எடுப்பேன்.

அடுத்தது காற்று. கிழக்குக் கரையில் நிற்கிறவனுக்கு மேற்கே இருநூறு கிலோமீட்டருக்குக் குறையாமல் திறந்த நீர்தான். மேல்காற்று எழும்பினால் அவ்வளவு தூரமும் வளர்ந்த அலை நம் கரையில் வந்து அடிக்கும். அது கடல் அலையைப் போல நீண்டு வராது. கிட்டக் கிட்ட, செங்குத்தாக வரும். 222 மீட்டர் நீளமான எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் சரக்குக் கப்பல், 1975 நவம்பர் 10ஆம் திகதி, இதே கிழக்குப் பக்கத்தில்தான் 29 பேரோடும் மூழ்கியது. ஒருவர்கூடத் தப்பவில்லை.

யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் கடல்தொழில் செய்த என் பெரியப்பாவை ஒருமுறை கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ஏரி கண்ணாடி போல இருந்தது, மீனும் கடித்துக்கொண்டிருந்தது. அவர் தூண்டிலைப் பார்க்கவில்லை. மேற்கே அடிவானத்தில் கறுத்துவந்த மெல்லிய கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "கச்சான் எழும்ப முன்னம் கரையைப் பிடிப்பம், தம்பி" என்றார். மேற்கிலிருந்து வரும் காற்றைத்தான் அவர் கச்சான் என்பார். நாங்கள் துறைக்குள் நுழைந்து கொஞ்ச நேரத்தில் வெளியே வெள்ளை அலை புரண்டது. வானிலை அறிவிப்பு அந்தக் காற்றைப் பின்னேரத்துக்குத்தான் சொல்லியிருந்தது.

அன்றிலிருந்து என் நடைமுறை இதுதான். முந்தின இரவும் அதிகாலையிலும் கடல்சார் வானிலையைக் கேட்பேன். ஐந்து மணிக்குப் படகை இறக்கி, பதினொன்றுக்குள் திரும்பிவிடுவேன். பூங்காவின் பெரும்பகுதியில் கைபேசிக்கு சிக்னல் இல்லை. வி.எச்.எஃப். ரேடியோ இல்லாமல் வெளியே போகக்கூடாது. அவசர அழைப்புக்கான சானல் 16 எப்போதும் திறந்திருக்க வேண்டும். ஜூனில் மூடுபனி வேறு. தெற்கிலிருந்து வரும் ஈரமான சூட்டுக்காற்று குளிர்நீரைத் தொட்டவுடன் பனி இறங்கிவிடும், கரை மறைந்துவிடும். ஜி.பி.எஸ். இருந்தாலும் திசைகாட்டி ஒன்று கையில் இருக்கட்டும்.

சரி, மீனுக்கு வருவோம். இங்கே ராஜா லேக் ட்ரவுட். பத்துப் பாகையை ஒட்டிய நீர்தான் அதற்குப் பிடிக்கும். மே மாதத்தில் ஏரி முழுவதும் குளிராக இருப்பதால் கரையோரத்திலேயே, ஆழம் குறைந்த இடத்தில் கிடைக்கும். ஜூலை, ஆகஸ்டில் இறங்கிவிடும். அப்போது டவுன்ரிகர் வேண்டும்: உருண்டை ஈயக் குண்டு தூண்டில் நூலை இழுத்துக்கொண்டு கீழே போகும், மீன் கடித்ததும் நூல் கிளிப்பிலிருந்து கழன்றுகொள்ளும். படகின் வேகம் மணிக்கு நாலு கிலோமீட்டருக்குக் கிட்ட. எனக்கு அதைவிடப் பிடித்தது, நீருக்கடிப் பாறை முகட்டுக்கு மேலே படகை நிறுத்தி, வெள்ளை டியூப் ஜிக்கை (குழாய் வடிவப் பொய்யிரை மாட்டிய தூண்டில்) நேராக இறக்கித் தூக்கித் தூக்கி விடுவது. சோனார் திரையில் நம் ஜிக் ஒரு கோடு. அடியிலிருந்து இன்னொரு கோடு கிளம்பி அதைத் துரத்திக்கொண்டு மேலே வரும். இரண்டும் சேரும் இடத்தில் கை தானாக இறுகும்.

மீனை மேலே இழுக்கும்போது நீர்ப்பரப்பைக் கவனியுங்கள். மீன் கண்ணுக்குத் தெரியும் முன்பே சின்னச் சின்னக் காற்றுக்குமிழிகள் நூலைச் சுற்றி வந்து உடையும். லேக் ட்ரவுட்டின் காற்றுப்பையிலிருந்து தொண்டைக்கு ஒரு வழி திறந்திருக்கிறது. ஆழத்திலிருந்து வரும்போது விரிகிற காற்றை அது ஏப்பம்போல வெளியேற்றிவிடும். அதனால்தான், அவசரப்படாமல் மெதுவாகத் தூக்கினால், ஆழத்தில் பிடித்ததையும் உயிரோடு திருப்பி விடலாம். பெரிய மீன் எதையும் நான் வைத்துக்கொள்வதில்லை. இந்தக் குளிரில் அவை மிக மெதுவாக வளர்கின்றன. முட்டையிடும் பருவம் வரவே ஏழெட்டு வருடமாவது ஆகும்.

இந்த மீன் இன்று இங்கே இருப்பதே பெரிய காரியம். அட்லாண்டிக்கைச் சேர்ந்த கடல் லாம்ப்ரே என்ற ஒட்டுண்ணி, பேரேரிகளில் மேலே உள்ளவற்றுக்கான வழியைக் கால்வாய் திறந்துவிட்டதால், 1938இல் சுப்பீரியரிலும் காணப்பட்டது. அதுவும் அளவுமீறிய மீன்பிடியும் சேர்ந்து 1950களில் லேக் ட்ரவுட்டை அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோயின. கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து பேரேரிகள் மீன்வள ஆணையத்தை அமைத்தன. லாம்ப்ரேயின் குஞ்சுகளைக் கொல்லும் டி.எஃப்.எம். என்ற மருந்தை 1958இல் ஆறுகளில் விடத் தொடங்கினார்கள், இன்றும் விடுகிறார்கள். இப்போது பிடிபடுகிறவற்றில் பெரும்பாலானவை ஏரியிலேயே பொரித்து வளர்ந்தவை. விலாவில் வட்டமான பழைய தழும்போடு ஒன்று வரும்போது, லாம்ப்ரே கவ்வியும் பிழைத்த மீன் என்று தெரியும். அதை நான் எப்போதும் திரும்ப விட்டுவிடுவேன்.

சாப்பாட்டைப் பற்றியும் கேட்பார்கள். லேக் ட்ரவுட்டில் கொழுப்பு அதிகம். புளி விட்டுக் குழம்பு வைத்தால் எண்ணெய் மிதந்து வாடை தூக்கும். மிளகாய்த்தூள், உப்பு, தேசிக்காய் பூசிக் கரியடுப்பில் சுட்டால் அருமை. சொதிக்கு வைட்ஃபிஷ்தான் சரி. ஒன்ராறியோ அரசு வெளியிடும் மீன் உணவு வழிகாட்டியைப் பார்த்துவிட்டுச் சாப்பிடுங்கள். இந்த ஏரிக்குள் வந்த நீர் வெளியேற ஏறத்தாழ 191 வருடம் எடுக்கும் என்கிறார்கள், அப்படியானால் சேர்ந்த மாசு சுலபத்தில் போகாது. பெரிய மீனில் அது கூடுதலாக இருக்கும். கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் அளவு தனியாகப் போட்டிருக்கிறது.

படகைப் பொறுத்தவரை, அடிப்பகுதி ஆழமான வி வடிவில் உள்ள 19 அடி அலுமினியப் படகு எனக்குப் போதுமாக இருக்கிறது. அதைவிடச் சின்னது என்றால் பச்சவானா குடாவுக்குள்ளேயே நில்லுங்கள். உப்பில்லாத நீர் என்பதால் எஞ்சினும் ரீல்களும் வருடக்கணக்கில் புதிதுபோலவே இருக்கின்றன. தேய்வதெல்லாம் சாலையில்தான். ட்ரெய்லர் சக்கரத்தின் பெயரிங்கை ஒவ்வொரு வசந்தத்திலும் கழற்றி கிரீஸ் போட்டால்தான் அந்தத் தூரத்தைத் தாங்கும்.

காற்று ஓய்ந்த ஒரு பின்னேரத்தை அகாவா பாறைக்கு ஒதுக்குங்கள். ஏரிக்கு நேர் மேலே எழும் செங்குத்துப் பாறையில் ஒஜிப்வே மக்கள் செங்காவியால் வரைந்த உருவங்கள் இருக்கின்றன. கொம்பும் முதுகு முட்களுமாக நிற்பது மிஷிப்பேஷு, நீருக்கடியில் வாழும் சக்தி. பக்கத்தில் வள்ளத்தில் போகும் மனிதர்கள். சரிந்த பாறை விளிம்பில் நடந்துதான் பார்க்க வேண்டும். அலை இருக்கும் நாளில் அங்கே இறங்கவே கூடாது.

போகும் முன் பார்க்க வேண்டியவை: 18 முதல் 64 வயது வரையானவர்களுக்கு ஒன்ராறியோ அரசின் அவுட்டோர்ஸ் கார்டும் மீன்பிடி உரிமமும், படகு ஓட்டுகிறவருக்கு இயக்குநர் அட்டையும் வேண்டும். இந்த ஏரி 9ஆம் மீன்பிடி வலயம். எத்தனை மீன் வைத்துக்கொள்ளலாம் என்பதை அந்தந்த வருட விதிப்புத்தகத்தில் பாருங்கள். 2022இல் இருந்து, படகை வேறு நீர்நிலைக்குக் கொண்டுபோகும் முன் அடைப்பைக் கழற்றி நீரை வடித்து, ஒட்டிய பாசியைத் துடைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அகாவா முகாமில் ஏரியைப் பார்த்த இடங்கள் முதலில் போய்விடும். பதிவு ஐந்து மாதத்துக்கு முன் திறக்கிறது. ஜூலைக்கு வேண்டுமென்றால் பெப்ரவரியிலேயே காலை ஏழு மணிக்கு கணினிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுங்கள்.