நுக்குஸிலிருந்து ஆரல் கடல் படுகைக்கு: இரண்டு நாள் ஜீப் பயணம், ஒரு மதிப்புரை

உஸ்பெகிஸ்தானின் நுக்குஸ் நகரிலிருந்து, முன்னாள் துறைமுகமான மொய்னாக் வழியாக, வற்றிப்போன ஆரல் கடலுக்கு அழைத்துச் செல்லும் இரண்டு நாள் ஜீப் பயணத்தில் சென்ற அக்டோபரில் கலந்துகொண்டேன். நான் மண் நுண்ணுயிரியல் படித்தவன் என்பதால், மொய்னாக்கில் துருப்பிடித்து நிற்கும் கப்பல்களைவிட அவை நிற்கும் தரையைப் பார்க்கவே போனேன்.

கடல் என்று பெயர் பெற்றாலும் இது ஏரிதான். 1960-இல் சுமார் 68,000 சதுர கிலோமீட்டர் பரந்திருந்தது. அமு தர்யா, சிர் தர்யா ஆறுகளின் நீர் பருத்தி வயல்களுக்குத் திருப்பப்பட்டதால் சுருங்கிப்போய், அன்று லிட்டருக்கு 10 கிராம் அளவில் இருந்த உப்பு, எஞ்சியுள்ள தெற்குப் பகுதியில் 100 கிராமைத் தாண்டிவிட்டது.

மொய்னாக்கைக் கடந்ததும் தரை வெள்ளையாக உவர் பூத்துக் கிடக்கிறது; கால் வைத்தால் மேலோடு அப்பளமாக நொறுங்கி, அடியில் சாம்பல் நிற மண்ணும் சிப்பி ஓடுகளும் தெரிகின்றன. நம் உப்பளக் கரை உமரியின் உறவுச் செடிகள் இங்கும் சிவந்து நிற்பதைக் கண்டபோது ஊர்க்காரரைச் சந்தித்தது போலிருந்தது.

2018 இறுதியிலிருந்து உஸ்பெகிஸ்தான் அரசு பெருமளவில் சக்சவுல் என்னும் பாலைவனப் புதர்ச்செடிகளை வளர்த்துவரும் பகுதிதான் இந்தப் பயணத்தின் உயிர்நாடி. காற்றில் பெயர்ந்து கிடந்த ஒரு கன்றை எடுத்துப் பார்த்தேன். உதறியும் உதிராமல், வேரைச் சுற்றி மணல் உறை போட்டாற்போல் ஒட்டியிருந்தது. வேர் மயிர்களோடு, வேரடிப் பாக்டீரியாக்கள் சுரக்கும் பசையும் இத்தகைய உறையைப் பிணைக்கிறது. அந்தப் பசை சோடியத்தையும் ஓரளவு பிடித்துவைக்கிறது. உப்பு வெளியே மிகுந்தால் செல்லுக்குள்ளிருக்கும் நீர் வெளியேறிவிடும் என்பதால், ஹாலோமோனாஸ் போன்ற உப்பு தாங்கும் பாக்டீரியாக்கள் எக்டோயின் முதலிய சேர்மங்களைத் தம்முள் சேர்த்து ஈடுகட்டுகின்றன. இது மிகுந்த ஆற்றல் செலவாகும் வேலை. வெட்டவெளி உவர் மண்ணில் அதற்கான கரிம உணவு அரிது; வேரோ சர்க்கரையைக் கசியவிடுகிறது. பதிலுக்குச் சில பாக்டீரியாக்கள், நெருக்கடியில் செடிக்குள் பெருகி வேர் வளர்ச்சியைத் தடுக்கும் எத்திலீன் வாயுவின் மூலப்பொருளைச் சிதைத்து, அந்த வளர்ச்சி நின்றுபோகாமல் காக்கின்றன.

இவ்வளவு இருக்கும் இடத்தில் எங்களுக்குக் கொடுத்தது பதினைந்தே நிமிடம். கப்பல்களுக்கோ ஒன்றரை மணி நேரம்! வழிகாட்டி செடியின் பெயரைச் சொன்னதோடு நிறுத்திக்கொண்டது எனக்கு மிகுந்த ஏமாற்றம். ஓட்டுநரைக் குறை சொல்ல மாட்டேன்: எந்த மேலோடு வண்டியைத் தாங்கும், எது உள்வாங்கும் என்பதை நிறத்தை வைத்தே சொன்னார். கூடாரத் தங்கலும் சாப்பாடும் நிறைவாக இருந்தன.

ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருகிறேன். செல்பவர்கள், சக்சவுல் பகுதியில் இரண்டு மணி நேரம் வேண்டுமென்று முன்பதிவின்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பூதக்கண்ணாடியும், உப்புத் தூசிக்கு முகக்கவசமும் எடுத்துச் செல்லுங்கள்.