பழைய ஸ்பிட்ஃபயருக்கு வேறு காரின் பிரேக் காலிப்பர்: நாகர்கோவில் வட்டாரத்தில் பழைய கார் வைத்திருப்போர் கவனத்திற்கு

நாகர்கோவிலுக்கும் தக்கலைக்கும் இடையே, பழைய கார்களைப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் ஓர் ஒர்க்‌ஷாப்பில், என்னுடைய 1972ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான டிரயம்ஃப் ஸ்பிட்ஃபயரின் முன்பக்க பிரேக்கைச் சரிசெய்யக் கொடுத்து, 38,000 ரூபாய் செலுத்திய பின் கிடைத்தது என்ன என்பதை எழுதுகிறேன். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. வேலை நடந்த விதத்தை அறிந்துகொண்டால், அது எந்தக் கடையில் நடந்தாலும் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

இந்த வண்டியின் முன் சக்கரத்தில் இருந்தவை, இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிரே அமைந்த, கிர்லிங் நிறுவனத்தின் காலிப்பர்கள்; சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைப் பேடுகளால் இருபுறமும் கவ்விப் பிடிப்பதுதான் காலிப்பர். கடலோர ஈரத்தில் பிஸ்டன்கள் துருவேறி இறுகியிருந்தன, அவ்வளவுதான். இவற்றுக்கு ஸ்டெயின்லெஸ் பிஸ்டனும், எண்ணெய் கசியாமல் காக்கும் சீல் கிட்டும் இங்கிலாந்தில் இன்றும் விற்கப்படுகின்றன. ஆனால் கடைக்காரர், "அண்ணாச்சி, இதுக்கு உலகத்துலயே சாமான் கிடையாது, வேற கார் காலிப்பரை அப்படியே மாட்டிடலாம்" என்று உறுதியாகச் சொன்னார். சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் முன் சஸ்பென்ஷன்தான் பெருமளவு ஸ்பிட்ஃபயரிலும் இருப்பதால், ஹெரால்டில் கைபழகிய மூத்த மெக்கானிக்குகள் எவரிடம் கேட்டிருந்தாலும் அந்தப் பேச்சு எடுபட்டிருக்காது.

வண்டி திரும்பி வந்தபோது, நிறுத்திவைத்து மிதித்துப் பார்த்தால் பெடல் ஓரளவு நன்றாகவே இருந்தது. குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறை போய்த் திரும்பும்போது, ஓர் இறக்கத்தில் பெடல் தரைவரை இறங்கியது. விட்டுவிட்டுப் பலமுறை மிதித்தும், ஹேண்ட் பிரேக்கை இழுத்தும்தான் வண்டியை ஓரம் கட்ட முடிந்தது. என் வண்டியில் பிரேக் எண்ணெய் ஓடும் சுற்று ஒன்றே ஒன்று என்பதால், ஓரிடத்தில் ஒழுகினாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும்.

வேறொரு மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிக் காட்டியவை இவை. காலிப்பர்களை இடம் வலம் மாற்றி மாட்டியிருந்ததால், காற்றை வெளியேற்றும் பிளீடர் நிப்பிள் அடிப்பக்கம் வந்திருந்தது. காற்று மேலே தங்குமே தவிர, எத்தனை முறை பிளீட் செய்தாலும் வெளியே வராது. அதைவிட அஞ்சத்தக்கது, காலிப்பருக்கு எண்ணெய் கொண்டுவரும் ஹோஸின் இணைப்பு. பழைய பிரிட்டிஷ் ஹோஸின் முனை 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. அதாவது விட்டம் ஏறத்தாழ 9.5 மி.மீ. புதிய காலிப்பரின் துளையோ 10 மி.மீ. விட்டத்தில், மரைக்கு மரை 1 மி.மீ. இடைவெளி கொண்டது. ஒன்று மற்றொன்றுக்குள் சுலபமாகத் திருகிக்கொள்ளும், கையில் இறுக்கமாகவும் தெரியும்; ஆனால் மரை முழுமையாகக் கவ்வுவதில்லை. ஓங்கி மிதிக்கும்போது எழும் அழுத்தத்தில் முதலில் கசியும், பிறகு பிடுங்கிக்கொண்டு வெளியேறலாம். என் வண்டியில் கசிவோடு நின்றது என் நல்ல நேரம்.

மாட்டிய காலிப்பர், நடுவே காற்றுப் போகும் இடைவெளியுள்ள தடித்த டிஸ்க்குக்காகச் செய்யப்பட்டது. ஸ்பிட்ஃபயரின் டிஸ்க் அப்படி இடைவெளியில்லாத ஒற்றைத் தகடு. பேடு புதிதாக இருக்கும்போதே பிஸ்டன் பாதிக்கு மேல் வெளியே நீண்டிருந்தது. பேடு தேய்ந்தபின் அது சீலைத் தாண்டியே வந்துவிடக்கூடும். காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டை கேஸ் கட்டிங்கில் வெட்டி, ஓரத்தைக்கூடச் சீராக்காமல் வெல்டு வைத்திருந்தார்கள். இதற்கு இடம் செய்வதற்காக, காலிப்பர் பூட்டும் அசல் காதுகளை கிரைண்டரால் தேய்த்திருந்தார்கள். மற்றவற்றையெல்லாம் பொறுத்தாலும், திரும்பச் சரிசெய்ய முடியாத இந்த வேலையை என்னால் பொறுக்க முடியவில்லை.

வேறு காரின் காலிப்பரைப் பொருத்துவதே தவறு என்று நான் சொல்லவில்லை; அளவெடுத்து முறையாகச் செய்பவர்கள் உண்டு. அப்படிச் செய்பவரிடம் புதிய பிஸ்டனின் பரப்பு எவ்வளவு, அதற்கு, பெடலை மிதிக்கும்போது எண்ணெயை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் ஈடுகொடுக்குமா, முன் பிரேக்கின் பலம் கூடினால் பின் டிரம்மோடு உள்ள சமநிலை என்னவாகும் என்று கேட்டால் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டுவார். என் கடைக்காரரிடம் பிற்பாடு இதைக் கேட்டபோது, "பிரேக் பிடிக்குதுல்லா, பொறவு என்ன?" என்றார். பில்லில் "புதிய காலிப்பர்" என்று எழுதியிருந்தவை, சிவப்பு பெயிண்டைச் சுரண்டியதும் பழைய துரு தெரிந்த உடைசல் கடைச் சரக்கு.

பில், படங்கள், இரண்டாவது மெக்கானிக் எழுதிக்கொடுத்த அறிக்கை ஆகியவற்றுடன் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்துள்ளேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறை நிகழ்ந்த இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும் என்பதை இதேபோல் ஏமாந்தவர்கள் கவனிக்கவும்.

கழற்றிய அசல் காலிப்பர்களைத் திருப்பிக் கேட்டதற்கு, பழைய இரும்புக்குப் போட்டுவிட்டதாகச் சொல்கிறார்கள். மார்த்தாண்டம், தக்கலை, கோட்டாறு பக்கம் உள்ள காயலான் கடைகளில் வார்ப்பிலேயே கிர்லிங் என்ற ஆங்கில எழுத்துகள் உள்ள ஒரு ஜோடி கண்ணில் பட்டால் தயவுசெய்து தெரிவியுங்கள். உரிய விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.