டிஃபென்சிவ் லைன் பிள்ளையைப் பெற்றவர்களுக்கு கேன்டன் ஹால் ஆஃப் ஃபேம்

ஒஹையோவில், கேன்டன் நகரத்தில் இருக்கும், அமெரிக்க ஃபுட்பாலின் பெரிய ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் அருங்காட்சியகமான ப்ரோ ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போகலாமா என்று கொலம்பஸ் தமிழ்க் குடும்பங்களில் யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கட்டாயம் போங்கள். ஆனால் கிளம்பும் முன் ஒரே ஒரு ஆட்டக்காரருடைய வாழ்க்கையையாவது முழுசாகத் தெரிந்துகொள்ளுங்கள். அப்படிப் போகாவிட்டால் அங்கிருக்கும் 380-க்கும் மேற்பட்ட வெண்கல முகங்களில் எதன் முன்னால் நிற்பது என்றே புரியாது. நான் மனதில் வைத்துக்கொண்டு போனது மினசோட்டா வைக்கிங்ஸ் அணியில் ஆடிய ஆலன் பேஜை.

காரணம் என் மகன். பள்ளி ஃபுட்பால் அணியில் அவன் டிஃபென்சிவ் டேக்கிள், அதாவது டிஃபென்சிவ் லைன் என்ற தடுப்பு வரிசையின் நடுவில் நிற்பவன். எதிரணியின் தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக் பந்தை வாங்கியதும் அவரை நோக்கிப் பாய்வதும், ஓடி வருகிறவரை நடுவிலேயே மறிப்பதும்தான் அவன் வேலை. அவனைத் தடுக்க எதிரே ஒருவர் நிற்பார், பல நேரம் இரண்டு பேர். அந்த இரண்டு பேரையும் அவன் தன் மேல் இழுத்து நிறுத்திக்கொண்டால், பின்னாலிருந்து வேறொருவன் ஓடிவந்து பந்தோடு வருகிறவரைக் கீழே வீழ்த்துவான், ஒலிபெருக்கியில் அந்தப் பையனுடைய பெயர்தான் வரும். கூட்டம் பந்தைப் பார்க்கும். லைனில் பிள்ளையை நிறுத்தியிருக்கும் பெற்றோர் மட்டும் பந்து நகர்ந்த அந்த முதல் நொடியில் வேறு இடத்தைப் பார்ப்போம். அப்படிப் பார்க்கப் பழகியவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கொலம்பஸிலிருந்து காரில் ஏறக்குறைய 2 மணி நேரம். கேன்டன் ஏன் என்று பிள்ளைகள் வழியில் கேட்பார்கள். 1920 செப்டம்பரில் ரால்ஃப் ஹே என்பவருடைய கார் ஷோரூமில் அணிச் சொந்தக்காரர்கள் கூடிப் பேசி ஆரம்பித்த சங்கம்தான் பிறகு என்எஃப்எல் என்ற தேசிய ஃபுட்பால் லீக் ஆனது. அந்த ஷோரூம் இருந்தது கேன்டனில். சங்கத்தின் முதல் தலைவர் ஜிம் தோர்ப், கேன்டன் புல்டாக்ஸ் அணியின் ஆட்டக்காரர். ஹால் ஆஃப் ஃபேமுக்குள் நுழைந்ததும் முதலில் நிற்பது அவருடைய வெண்கலச் சிலைதான். பாதிப் பந்தைக் கவிழ்த்து வைத்ததுபோன்ற கூரையைச் சாலையிலிருந்தே அடையாளம் காணலாம். திறக்கப்பட்டது 1963 செப்டம்பர் 7.

இங்கேதான் ஆலன் பேஜ் வருகிறார். அவர் பிறந்தது 1945-இல், இதே கேன்டனில். படித்தது இங்குள்ள சென்ட்ரல் கேத்தலிக் உயர்நிலைப் பள்ளி. இளம் வயதில் இந்தக் கட்டடத்தின் ஆரம்ப வேலைகளில் கூலியாளாக நின்றிருக்கிறார். கட்டடம் திறந்து 25 ஆண்டு கழித்து, 1988-இல், அவருடைய முகமே வெண்கலத்தில் வார்க்கப்பட்டு அந்தக் கட்டடத்துக்குள் வந்தது. இதைப் படித்ததிலிருந்து எனக்கு அந்த இடத்தின் சுவரும் தரையும் வேறு மாதிரி தெரிகின்றன.

சிலைக் கூடத்துக்கு வருகிறேன். என் பார்வையில் டிக்கெட் காசு முழுவதும் இந்த ஒரு அறைக்கே சரியாகிவிடும். வெளிச்சம் குறைவு. சிரித்துப் பேசிக்கொண்டு வந்தவர்கள்கூட இங்கே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். சிலைகள் தேர்வான ஆண்டு வரிசையில் இருக்கின்றன, ஆடிய இடத்தின்படி அல்ல. அதனால் லைன்மேன்களை நாமேதான் தேடிப் போக வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. 1988 வரிசையில் பேஜுக்குத் துணையாக மைக் டிட்கா, ஃப்ரெட் பிலெட்னிகாஃப், ஜாக் ஹாம் இருக்கிறார்கள்.

லைன்மேனின் சிலையைப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தோன்றியது. ஆடிய காலம் முழுக்க இவர்கள் முகம் ஹெல்மெட் கம்பிக்குப் பின்னால் இருந்தது. இவர்களுடைய வித்தை இருந்ததோ கையிலும் இடுப்பிலும், முதல் காலடியிலும். எதிராளியின் கையைத் தட்டிவிடும் வேகம், தாழ்ந்து நுழையும் கோணம், பந்து அசைந்த கணத்திலேயே கிளம்பிவிடும் கால்: இதில் எதையும் தலையளவுச் சிலை காட்டாது. ஆகவே சிலையைப் பார்த்ததும் நகர்ந்துவிடாதீர்கள். அங்கேயே தொடுதிரைகளில் பெயரைத் தேடி அவர்கள் ஆடிய காட்சிகளைப் பாருங்கள். பேஜ் ஆடுவதைப் பார்த்தால், எதிரே நிற்பவர் நிமிர்வதற்குள் அவர் பக்கத்தைக் கடந்திருப்பார். சுமார் 245 பவுண்டு எடையில் ஆடியவர். டேக்கிள் இடத்துக்கு அது குறைவு. அந்தக் குறையை வேகத்தால் ஈடுகட்டினார் என்று சொல்வது எனக்குப் போதவில்லை. அந்த இடத்தில் வேகமே முதல் ஆயுதமாக இருக்க முடியும் என்று காட்டினார்.

அவருடைய கணக்கைக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் இதைத் தெரிந்துகொண்டு போனால்தான் சிலை பேசும். நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் படித்து, அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1967-இல், முதல் சுற்றில் 15-ஆவதாக மினசோட்டா வைக்கிங்ஸுக்குப் போனார். கார்ல் எல்லர், ஜிம் மார்ஷல், கேரி லார்சன், பேஜ் என்ற அந்த நால்வர் லைனுக்கு "பர்ப்பிள் பீப்பிள் ஈட்டர்ஸ்" என்று பெயரே வந்துவிட்டது. 1971-இல் ஏபி செய்தி நிறுவனம் அவரை லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரராக அறிவித்தது. தடுப்பு ஆட்டக்காரர் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் தடவை. அதற்குப் பிறகு அப்படி வாங்கியவர் 1986-இல் லாரன்ஸ் டெய்லர் ஒருவர்தான். 15 பருவங்கள், 218 ஆட்டங்கள், ஒன்றைக்கூட விடவில்லை.

சாக் எத்தனை என்று என் மகன் உடனே கேட்டான். குவாட்டர்பேக் பந்தை எறியும் முன்பே அவரைப் பின்னால் வீழ்த்துவதைத்தான் சாக் என்கிறார்கள். லைன்மேனுக்கு அதுதான் கௌரவம். ஆனால் ஆட்டக்காரர் வாரியாக சாக் கணக்கை லீக் அதிகாரபூர்வமாக எழுத ஆரம்பித்தது 1982-இல். பேஜ் ஆட்டத்தை விட்டது 1981 பருவத்தோடு. அதனால் சாதனைப் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே ஒன்றுமே இல்லை. பழைய ஆட்டக் குறிப்புகளை எடுத்துப் பின்னால் கணக்குப் போட்டவர்கள் 148½ என்கிறார்கள். டீக்கன் ஜோன்ஸுக்கும் இதே கதி. சாக் என்ற பேச்சையே பரப்பியவர் அவர். 1961 டிராஃப்டில் 14-ஆவது சுற்றில் எடுக்கப்பட்டு 1980-இல் இந்தக் கூடத்துக்குள் வந்தார். அவருக்கும் அதிகாரபூர்வ எண் கிடையாது. அதற்குப் பிறகு வந்த ப்ரூஸ் ஸ்மித்துக்கு 200, ரெஜி ஒயிட்டுக்கு 198. எண்ணை மட்டும் பார்த்து யார் பெரியவர் என்று பிள்ளைகள் முடிவுகட்டினால், இந்த 1982 விஷயத்தைச் சொல்லிக் கொடுங்கள்.

ரெஜி ஒயிட் 2004 டிசம்பரில், 43 வயதிலேயே போய்விட்டார். 2006-இல் இங்கே சேர்க்கப்பட்டபோது அவர் இல்லை. அந்தச் சிலையைக் கடக்க எனக்கு நேரமானது.

என் மகன் அதிக நேரம் நின்றது 2010 வரிசையில், ஜான் ராண்டில் முன்னால். "அம்மா, இவரை யாருமே டிராஃப்ட் பண்ணலையாம்மா. அப்புறம் 137½ சாக்!" என்றான். உயரம் போதாது, எடை போதாது என்று கேட்டுக் கேட்டு வளரும் பிள்ளைக்கு நான் சொல்லும் எந்தச் சமாதானத்தையும்விட அந்த முகம் நன்றாகப் பேசியது. அவரும் வைக்கிங்ஸ் டேக்கிள்தான், பேஜ் நின்ற அதே இடம்.

லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலுக்கான பகுதியில், வென்ற அணிகளுக்குத் தரும் மோதிரங்களைப் பார்க்கத்தான் கூட்டம் அதிகம். பேஜுக்கு அங்கே மோதிரம் இல்லை. அவர் காலத்தில் வைக்கிங்ஸ் 4 சூப்பர் பவுல் ஆடி நான்கிலும் தோற்றது. அதில் 1975 ஜனவரியில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸிடம் 16-6 என்று தோற்ற ஆட்டத்தை லைன் ஆட்டம் பிடித்தவர்கள் தேடிப் பார்க்க வேண்டும். ஜோ கிரீன் தலைமையிலான ஸ்டீலர்ஸ் லைன் அன்று வைக்கிங்ஸைப் பந்தோடு ஓடி முன்னேற விட்டது மொத்தமே 17 கெஜம். டேக்கிளாக நின்றுகொண்டே கிரீன் எதிரணி எறிந்த ஒரு பாஸைப் பிடித்தார், கீழே விழுந்த ஒரு பந்தையும் கைப்பற்றினார். சுழலும் திரையரங்கு பிள்ளைகளுக்குப் பிடிக்கும். கடையில் எல்லா அணிச் சட்டைகளும் கிடைக்கும், அதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை.

பேஜ் கதையின் மீதிப் பாதி அரங்கத்துக்கு வெளியே நடந்தது. ஆடிக்கொண்டே மினசோட்டா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து 1978-இல் முடித்தார். நெடுந்தூர ஓட்டப் பழக்கத்தால் எடை இறங்கியது. அதே ஆண்டு வைக்கிங்ஸ் அவரை விடுவித்தது, சிகாகோ பேர்ஸ் எடுத்துக்கொண்டது. முடிந்துவிட்டார் என்று விடப்பட்டவர் அங்கே இன்னும் 58 ஆட்டங்கள் ஆடினார். 1979-இல் மாரத்தான் ஓடி முடித்தார். என்எஃப்எல்லில் ஆடிக்கொண்டிருக்கும்போதே மாரத்தான் முடித்த முதல் ஆள் அவர். 1992 தேர்தலில் வென்று மினசோட்டா உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானார். 70 வயதில் கட்டாய ஓய்வு வரும்வரை, 2015 வரை, அந்தப் பதவியில் இருந்தார். 2018-இல் அதிபரின் சுதந்திரப் பதக்கம். ஹால் ஆஃப் ஃபேம் விழாவில் தன்னை அறிமுகப்படுத்த அவர் அழைத்தது பயிற்சியாளரை அல்ல, மினியாபோலிஸ் பள்ளி முதல்வர் ஒருவரை. பேசியது பிள்ளைகளின் படிப்பைப் பற்றி. விளையாட்டா படிப்பா என்று வீட்டில் வழக்கு நடத்தும் நம் பெற்றோர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய் முதலில் நிறுத்த வேண்டியது இவர் முன்னால்தான்.

ஒரு குறை எனக்குத் தீரவே தீராது. ஜிம் மார்ஷல் அங்கே இல்லை. எங்கள் கொலம்பஸ் ஈஸ்ட் உயர்நிலைப் பள்ளியில் படித்து, ஒஹையோ ஸ்டேட்டில் ஆடியவர். பேஜுக்குப் பக்கத்திலேயே, லைனின் ஓரத்தில், டிஃபென்சிவ் எண்டாக நின்றவர். மொத்தம் தொடர்ந்து 282 ஆட்டங்கள் ஆடியவர். 1964-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கைப்பற்றிய பந்தோடு திசை மாறி 66 கெஜம் தன் அணியின் பக்கமே ஓடிவிட்டார். உலகம் அதை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறது. அந்த ஆட்டத்தில் வைக்கிங்ஸ் ஜெயித்தது என்பதை யாரும் சொல்வதில்லை. பேஜ், எல்லர் இருவரும் உள்ளே வந்தார்கள். மார்ஷல் 2025 ஜூனில், 87 வயதில் காலமானார். உயிரோடிருந்தவரை தேர்வுக் குழு அவருக்குக் கதவைத் திறக்கவில்லை. இது நியாயமில்லை என்றுதான் நினைக்கிறேன், கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் புதியவர்களைச் சேர்க்கும் விழாவும், பக்கத்து டாம் பென்சன் அரங்கத்தில் ஆட்டமும் இருக்கும். ஊரே நிரம்பியிருக்கும். அந்தக் கொண்டாட்டம் வேண்டுமென்றால் அப்போது போங்கள். சிலைகளை நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் குளிர்காலத்தில் ஒரு வேலைநாளைத் தேர்ந்தெடுங்கள், முழு நாளை ஒதுக்குங்கள். லீக்கின் தொடக்க காலப் பகுதியை முதலில் பாருங்கள், மதியச் சாப்பாட்டுக்கு முன் சிலைக் கூடத்துக்குப் போய்விடுங்கள். பிள்ளைகள் களைத்த பிறகு அங்கே கூட்டிப்போனால் பத்து நிமிடத்தில் கடைக்கு இழுத்துவிடுவார்கள்.