சில்வர் எஃபெக்ஸ் அருமை, அது போடும் டிஃப் கோப்புதான் தலைவலி

"லைட்ரூம் வாங்கலாமா, கூடவே நிக் கலெக்‌ஷனும் எடுத்துவிடலாமா?" என்று நண்பர் கேட்டிருந்தார். லைட்ரூம் படங்களைத் திருத்தி அடுக்கி வைக்கும் மென்பொருள். நிக் அதோடு ப்ளக்-இன்னாக, அதாவது கூடுதல் இணைப்பாக, ஓடும் கருவித் தொகுப்பு. சில்வர் எஃபெக்ஸ் அதிலுள்ள கருப்பு வெள்ளைக் கருவி. கையில் 24 மெகாபிக்சல் கேமரா, 8 ஜிபி ரேம் லேப்டாப், லீவு நாளில் மட்டும் படமெடுக்கிற பழக்கம். ஆமாம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் முடிகிற விஷயம் இல்லை என்பதால் இந்த நீட்டல். ரா (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலக் கோப்பு), கேட்டலாக் (லைட்ரூம் வைத்திருக்கும் படப் பட்டியல்) பற்றியெல்லாம் இதற்கு மேல் விளக்கப் போவதில்லை. இரண்டையும் சேர்த்துப் பல வருடம் ஓட்டியதில் எது ருசித்தது, எது இன்னும் உறுத்துகிறது என்பது மட்டும்.

உறுத்தல் முதலில். லைட்ரூம் கிளாசிக்கில் நாம் செய்யும் திருத்தம் எல்லாமே வெறும் குறிப்புதான். வெளிச்சத்தை இவ்வளவு ஏற்று, நீலத்தை இவ்வளவு இறக்கு என்று சில கிலோபைட்டில் எழுதி வைத்துக்கொள்ளும், ரா கோப்பைத் தொடவே தொடாது. படத்தை நிக்குக்கு அனுப்பிய நொடியில் இந்த ஏற்பாடு முடிந்தது. அதுவரை செய்த திருத்தங்களைப் படத்தோடு கலந்து, புதிதாக ஒரு டிஃப் கோப்பை (பிக்சல் பிக்சலாகப் படத்தைச் சேமிக்கும் பெரிய வடிவம்) உருவாக்கித்தான் லைட்ரூம் அனுப்பும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2 கோடியே 40 லட்சம் பிக்சல், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிறம், நிறத்துக்கு 2 பைட். ஆக 144 மெகாபைட். மூல ரா கோப்போ சுருக்கிய வடிவில் 25, 30 மெகாபைட்தான் இருக்கும். நூறு படத்தை அனுப்பினால் 14 ஜிபி போச்சு. 45 மெகாபிக்சல் கேமரா என்றால் ஒரு டிஃப் 270 மெகாபைட்.

இடம் போகிறதே என்பதுகூடப் பெரிய கோபம் இல்லை, ஹார்ட் டிஸ்க் வாங்கிக்கொள்ளலாம். டிஃப் ஆன பிறகு திரும்பிப் போக வழியில்லை என்பதுதான் எரிச்சல். வெள்ளைச் சமநிலை கொஞ்சம் மஞ்சளாகப் போய்விட்டது, மேகத்தில் இன்னும் அரை ஸ்டாப் வெளிச்சத்தை மீட்டிருக்கலாம் என்பதெல்லாம் ப்ளக்-இன்னில் வேலை முடிந்த பிறகுதான் கண்ணில் படும். டிஃப்பிலேயே இழுத்துச் சரிசெய்யலாம்தான். ஆனால் ராவில் இருந்த நெகிழ்வு அங்கே இருக்காது, வெளுத்த மேகம் வெறும் சாம்பலாகத்தான் இறங்கும். ராவுக்குப் போய்த் திருத்தி, மறுபடி அனுப்பி, ப்ளக்-இன் வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இதில் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. டிஃப்பைத் தேர்ந்தெடுத்து மறுபடி நிக்குக்கு அனுப்பும்போது லைட்ரூம் மூன்று வழி காட்டும்: லைட்ரூம் திருத்தத்தோடு ஒரு நகல், திருத்தமில்லாத நகல், 'எடிட் ஒரிஜினல்'. பழக்கதோஷத்தில் முதல் வழியைத் தட்டினால் இன்னொரு 144 மெகாபைட் பிறக்கும். சில்வர் எஃபெக்ஸ் முடித்து ஷார்ப்பனர், அதை முடித்து அனலாக் என்று நிக்கின் கருவிகளில் ஒவ்வொன்றாகப் போனால் ஒரே படத்துக்கு மூன்று டிஃப். மூன்றில் எது கடைசி என்று ஆறு மாதம் கழித்துப் பெயரைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டாவது ப்ளக்-இன்னுக்குப் போகும்போது 'எடிட் ஒரிஜினல்' போதும். டிஃப் வந்த பிறகு லைட்ரூமில் ஏதாவது மாற்றியிருந்தால் மட்டும் முதல் வழி, ஏனென்றால் 'ஒரிஜினல்' வழியில் அந்த மாற்றம் ப்ளக்-இன்னுக்குள் போகாது.

நிக்கின் மூன்றாம் பதிப்பில், 2020ல், இதற்கு ஒரு மருந்து கொடுத்தார்கள். பல பக்க டிஃப் என்ற சேமிப்பு முறை. ப்ளக்-இன்னுக்குள் வந்த படம், முடிந்த படம், ஸ்லைடர்களின் நிலை எல்லாம் ஒரே கோப்புக்குள் உட்கார்ந்திருக்கும், பிறகு திறந்து மாற்றலாம். நல்லதுதான். ஆனால் கோப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதைவிட முக்கியம், மீட்டுத் தருவது நிக்கில் செய்த வேலையை மட்டும்தான். ராவில் செய்த தப்பு அப்படியே இருக்கும்.

முழு மருந்து ஃபோட்டோஷாப் வழியாகத்தான். லைட்ரூமில் 'ஸ்மார்ட் ஆப்ஜெக்டாகத் திற' என்று அனுப்பினால் ராவே ஃபோட்டோஷாப் கோப்புக்குள் போய் உட்காரும். அதன்மேல் சில்வர் எஃபெக்ஸ் ஒரு ஸ்மார்ட் ஃபில்டராக ஏறும். லேயரின் சிறுபடத்தை இரட்டைக் கிளிக் செய்தால் கேமரா ரா (ஃபோட்டோஷாப்பின் ரா திருத்தி) திறக்கும், ஃபில்டர் பெயரை இரட்டைக் கிளிக் செய்தால் நிக் திறக்கும், இரண்டையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். கோப்பு இன்னும் பெருக்கும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஃபில்டர் முதலிலிருந்து ஓடும். 8 ஜிபி ரேமில் இதைச் செய்யப் பொறுமை வேண்டும். சுவரில் மாட்டப் போகிற படத்துக்கு மட்டும் இந்த வழி.

அனுப்பும் அமைப்பு லைட்ரூம் விருப்பங்களின் 'எக்ஸ்டர்னல் எடிட்டிங்' பக்கத்தில் இருக்கிறது. 16 பிட், ப்ரோஃபோட்டோ (மிக அகலமான நிறவெளி, அதாவது நிறங்களின் வரம்பு), ஜிப் சுருக்கம் என்று வைத்துவிட்டு மறந்துவிடலாம். இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று 8 பிட்டுக்கு மாற்றி, நிறவெளியை ப்ரோஃபோட்டோவிலேயே விட்டால் மாலை வானத்தில் பட்டை பட்டையாக வரி விழும். அவ்வளவு அகலமான நிறவெளிக்கு நிறத்துக்கு 256 படி போதாது. 8 பிட் கட்டாயம் என்றால் எஸ்ஆர்ஜிபி என்ற குறுகிய நிறவெளிக்கு மாற்றிவிட்டு அனுப்புங்கள்.

சரி, இவ்வளவு திட்டிவிட்டு ஏன் நிக்கை விடவில்லை? சில்வர் எஃபெக்ஸ்தான் காரணம்.

உச்சிவெயில், நீல வானம், முன்னால் ஒரு தென்னை. இதைக் கருப்பு வெள்ளையாக்கி வானத்தை இருட்டாக்க வேண்டும். லைட்ரூமில் கருப்பு வெள்ளைக் கலவையில் நீல ஸ்லைடரைக் கழித்தல் 70க்கு இழுங்கள். தூரத்திலிருந்து பார்க்க அசத்தலாக இருக்கும். 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிக் கீற்றின் ஓரத்தைப் பாருங்கள், ஒவ்வொரு ஓலையைச் சுற்றியும் மெல்லிய வெள்ளைக் கோடு. ஓலையின் பச்சையும் வானத்தின் நீலமும் கலந்த ஓரப் பிக்சல்களில் நீலம் குறைவு. பக்கத்து வானம் இருண்டாலும் அவை இருளாது. லென்ஸின் ஊதா ஓரம் இருந்தால் இன்னும் மோசம். கூடவே நீலச் சானலின் நாய்ஸ் வானம் முழுக்க மணல் தூவியது போல எழும்பி நிற்கும்.

சில்வர் எஃபெக்ஸில் சிவப்பு ஃபில்டரை முழுதாகப் போட்டாலும் இதே கோடு வரும், அங்கே மாயம் எதுவும் இல்லை. ஃபில்டரைப் பாதியோடு நிறுத்தி, மீதியைக் கண்ட்ரோல் பாயிண்டில் செய்ய வேண்டும். வானத்தில் ஒரு புள்ளி வைத்து வட்டத்தைப் பெரிதாக்கினால், அந்தப் புள்ளியின் நிறத்துக்கும் வெளிச்சத்துக்கும் ஒத்த இடத்தை மட்டும் அது பிடிக்கும். ஓலைகளை ஒட்டி ஒட்டி வரைய வேண்டியதில்லை. ஓலையில் ஒரு புள்ளி, தண்டில் ஒரு புள்ளி, இரண்டிலும் ஸ்லைடர் எல்லாம் சைபரில். இவை காவல் புள்ளிகள், வானத்தின் விளைவு அந்தப் பக்கம் கசியாமல் தடுக்கும். லைட்ரூமில் 2021ல் வந்த வானத் தேர்வு மாஸ்க் (குறிப்பிட்ட பகுதியில் மட்டும் திருத்த உதவும் மறைப்பு) நல்ல கருவிதான், ஆனால் கீற்று இடுக்குகளில் தெரியும் துண்டு வானத்தில் தடுமாறும்.

அனுப்பும் முன் ராவிலேயே நிற ஓரப் பிழையை நீக்கிவிடுங்கள். ஷார்ப்பனிங்கை ஏறக்குறைய சைபருக்கு இறக்குங்கள். சில்வர் எஃபெக்ஸின் 'ஸ்ட்ரக்சர்' வெளிச்சப் பகுதி, நடுப் பகுதி, நிழல் என்று தனித்தனி ஸ்லைடரோடு வருகிறது. கருங்கல் தூணின் உளித்தடத்தை நடுப் பகுதியில் மட்டும் ஏற்றி, வெயில் பட்ட பக்கத்தை மென்மையாக விடலாம். லைட்ரூமின் கிளாரிட்டியில் இந்தப் பிரிவினை கிடையாது. ஃபிலிம் க்ரெய்னும் (பழைய ஃபிலிம் போன்ற துகள்கள்) அருமை, ஆனால் முழு அளவில் போட்டுவிட்டு 2048 பிக்சலுக்குச் சுருக்கி இணையத்தில் ஏற்றினால் க்ரெய்ன் கரைந்து காணாமல் போகும். இணையத்துக்கு மட்டும் என்றால் சுருக்கிய பிறகு போடுங்கள்.

தொகுப்பில் மற்றவை? நாய்ஸ் நீக்கும் டிஃபைன் இப்போது தேவையில்லை. நாய்ஸை நீக்க வேண்டியது ராவில். டிஃப் ஆவதற்குள் நாய்ஸ் பக்கத்துப் பிக்சல்களோடு கலந்து திட்டுத் திட்டாகிவிடும், அதன்மேல் டிஃபைன் ஓட்டினால் முகம் பிளாஸ்டிக்காகும். லைட்ரூமின் ஏஐ டினாய்ஸ் 2023 ஏப்ரலில் வந்தபோது அதுவும் தனியாக ஒரு பெரிய டிஎன்ஜி கோப்பைப் (அடோபியின் ரா வடிவம்) போட்டது. 2025 ஜூனில் வந்த பதிப்பிலிருந்து அந்தத் தொல்லை இல்லை, சாதாரண ஸ்லைடராகிவிட்டது. கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் ஒரு படத்துக்கே நிமிடக்கணக்கில் ஆகும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள். வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்த படங்களை ஒன்றாக்கும் எச்டிஆர் எஃபெக்ஸ் வேண்டாம், லைட்ரூமின் இணைப்பே போதும், அது ராவைப் போலத் திருத்தக்கூடிய டிஎன்ஜியும் தருகிறது. படத்தின் ஒரு பகுதியை மட்டும் திருத்தும் விவேசாவின் வேலையை லைட்ரூம் மாஸ்க் செய்கிறது. கலர் எஃபெக்ஸில் நுணுக்கங்களைத் துருத்தி எழுப்பும் 'டீட்டெயில் எக்ஸ்ட்ராக்டர்' என்று ஒன்று இருக்கிறது, பாதிக் கல்யாண ஆல்பங்களைக் கெடுத்தது அதுதான் என்பது என் சந்தேகம். ஆக மொத்தத் தொகுப்புக்கும் பணம் கொடுத்து ஒன்றைப் பயன்படுத்துகிறோம்.

இந்த நிக்கின் கதையும் வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டியது. 2012ல் கூகுள் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2016 மார்ச்சில் தொகுப்பு முழுவதையும் இலவசமாக்கியது, எல்லோரும் கொண்டாடினோம். இலவசம் என்றால் இனி மேம்பாடு இல்லை என்று அர்த்தம் என்பது பிறகுதான் புரிந்தது. 2017 அக்டோபரில் டிஎக்ஸ்ஓ என்ற நிறுவனம் வாங்கி மறுபடி விலைக்குக் கொண்டுவந்தது. அந்தப் பழைய இலவசப் பதிப்பை இன்றும் தேடிப் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. புதிய ஃபோட்டோஷாப்பில் அது திடீரென மூடிக்கொண்டால் கேட்க ஆள் கிடையாது. சந்தா இல்லாமல் ஒரே தொகையில் கிடைக்கிறது என்பது இப்போதைய பதிப்பின் நல்ல குணம். ஆனால் அடுத்த பதிப்புக்குத் தனிக் காசு.

இலவச வழி கேட்பவர்களுக்கு டார்க்டேபிள். ப்ளக்-இன்னே வேண்டாம், டிஃப்பே கிடையாது. நாய்ஸ், டோன், க்ரெய்ன், மாஸ்க் எல்லாம் ராவிலிருந்து ஒரே ஓட்டத்தில். 'கலர் கேலிப்ரேஷன்' தொகுதியில் கருப்பு வெள்ளை ஃபிலிம் முன்னமைப்புகளும் உண்டு. நீலத்தின் சாயலைக் குறித்து பாராமெட்ரிக் மாஸ்க் போட்டு, ஓரத்தைச் சற்று இளக்கினால் மேலே சொன்ன தென்னை வானத்தைக் கிட்டத்தட்டக் கொண்டுவந்துவிடலாம். நாலு மடங்கு கிளிக் ஆகும், முதல் மாதம் திறந்தவுடன் மூடத் தோன்றும். 'டிஃப்யூஸ் ஆர் ஷார்ப்பன்' தொகுதியைச் சாதாரண லேப்டாப்பில் தொட வேண்டாம், நின்றுவிடும். அஃபினிட்டி என்ற படத் திருத்தி 2025 அக்டோபர் இறுதியில் இலவசமானது. ஃபோட்டோஷாப் ப்ளக்-இன்கள் பலவற்றை ஏற்கும், ஆனால் ஆயிரம் படத்தை அடுக்கி வைக்கும் கேட்டலாக் அதில் இல்லை. இலவசப் படத் திருத்தியான ஜிம்ப் 3 நல்ல முன்னேற்றம், அதற்குள் ஜிமிக் ப்ளக்-இன்னைச் சேர்த்தால் நூற்றுக்கணக்கில் ஃபில்டர். ஆனால் ஜிமிக்கில் போட்டது போட்டதுதான், பிறகு மாற்ற முடியாது.

எனவே நண்பருக்கு: நிக் வேண்டாம். லைட்ரூமும் இப்போதைக்கு வேண்டாம். அந்தப் பணத்தில் ரேமை 16 ஜிபி ஆக்கி, டார்க்டேபிளோடு மூன்று மாதம் மல்லுக்கட்டுங்கள். கருப்பு வெள்ளைதான் உங்கள் வழி என்று அதற்குள் தெரிந்தால், சில்வர் எஃபெக்ஸின் சோதனைப் பதிப்பைப் போட்டுப் பாருங்கள். போட்டால் வாங்கிவிடுவீர்கள் என்பதால்தான் முதலில் வேண்டாம் என்றேன். நான் அடுத்த பதிப்புக்கும் காசு கட்டத்தான் போகிறேன்.

ஏற்கெனவே டிஃப்களில் மூழ்கிக் கிடப்பவர்களுக்கு ஒரு வழி. லைட்ரூம் நூலகத்தில் மெட்டாடேட்டா ஃபில்டரைத் திறந்து கோப்பு வகை டிஃப் என்று கொடுத்தால் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். பிரிண்ட் போட்டது, போடப் போவது, இரண்டையும் நட்சத்திரம் இட்டு ஒதுக்குங்கள். மற்றதை 90 தரத்தில் ஜேபெக்காக ஏற்றுமதி செய்து, 'இந்தக் கேட்டலாக்கில் சேர்' என்பதையும் டிக் செய்யுங்கள். ஜேபெக் சரியாகத் திறக்கிறதா என்று நாலைந்தைப் பார்த்துவிட்டு டிஃப்பை டிஸ்கிலிருந்தே நீக்கலாம். அழிக்கும் முன் பக்கத்தில் அதே எண்ணுள்ள ரா இருக்கிறதா என்று மட்டும் ஒரு தடவை உறுதிசெய்துகொள்ளுங்கள்.